பனி, மெழுகுவத்தி, ஒரு மேட்ச்... 12 அணிகள் ஆனதும் விழித்துக்கொண்ட சவுத் பெண்ட்!

சிகாகோவிலிருந்து சவுத் பெண்டுக்கு மின்சார ரயில் உண்டு. மிச்சிகன் ஏரியின் தென்கரையைச் சுற்றிக்கொண்டு, கேரியின் இரும்பு ஆலைகளையும் அதை அடுத்த மணல்மேடுகளையும் கடந்து, கடைசியில் ஒரு சின்ன விமான நிலையத்தின் வாசலில் இறக்கிவிடும். இறங்கியதும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சிகாகோவைவிட இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மேட்ச் பார்க்க வந்து, இந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் விட்டவர்கள் முதல் சில நிமிட ஆட்டத்தைத் தவறவிடுவார்கள்.

இண்டியானா மாநிலத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது சவுத் பெண்ட். செயின்ட் ஜோசப் ஆறு இந்த இடத்தில் சட்டென்று வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுதான் ஊரின் பெயர். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். ஒரு காலத்தில் ஸ்டூட்பேக்கர் கார்கள் இங்கேதான் தயாராகின. குதிரை வண்டி செய்து தொழிலைத் தொடங்கிய குடும்பம் அது. 1963 டிசம்பரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு அந்த கிறிஸ்துமஸ் வேலையில்லாமல் விடிந்தது. பழைய கார்களை இப்போது ஒரு மியூசியத்தில் பார்க்கலாம்.

கார் போனபிறகு ஊருக்கு மிச்சமிருந்த பெரிய பெயர், ஊரை ஒட்டி வடக்கே இருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழகம். பிரான்ஸிலிருந்து வந்த எட்வர்ட் சோரின் என்ற பாதிரியார் 1842-ல் தொடங்கியது. 1879-ல் பிரதானக் கட்டடம் தீக்கிரையானது. சில மாதங்களிலேயே திரும்பக் கட்டி எழுப்பினார்கள். அதன்மேல் தங்கத்தகடு போர்த்திய கூம்பு மாடமும், உச்சியில் மாதா சொரூபமும் வெயில் நாளில் வெகு தொலைவிலிருந்தே மின்னும். பக்கத்தில் திரு இருதய பசிலிக்கா. அதன் பின்னால் இறங்கினால், 1896-ல் கட்டிய லூர்து மாதா கெபி. கல்லெல்லாம் மெழுகுப் புகை ஏறிக் கறுத்திருக்கும். தேர்வுக்கு முன்னால் மாணவர்கள் இங்கே மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மேட்ச்சுக்கு முன்னாலும்தான்.

மேட்ச் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால். நம்மூர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், 100 கஜ மைதானம், மோதி விழும் 11 பேருக்கு 11 பேர். கல்லூரி அணிகள் ஆடுவதைப் பார்க்க முக்கால் லட்சம் பேர் கூடுவார்கள் என்பதை முதல்முறை கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். நோட்டர் டேம் ஸ்டேடியத்தின் இருக்கைகள் 77,622. ஊர் ஜனத்தில் முக்கால்வாசிப் பேரை உட்கார வைத்துவிடலாம்.

ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கினால் நவம்பரோடு உள்ளூர் மேட்ச்கள் முடிந்துவிடும். அந்த ஆறேழு வார இறுதிகளில்தான் ஹோட்டல்காரர்கள் ஆண்டுக்கான காசைப் பார்க்கிறார்கள். இரண்டு இரவு தங்கினால்தான் ரூம் என்று கறாராகச் சொல்வதும், வழக்கமான வாடகையைப் பல மடங்கு ஏற்றுவதும் அப்போதுதான். டிசம்பர் வந்துவிட்டால் ஏரிக்காற்று கொண்டுவரும் பனி மட்டும்தான் விருந்தாளி. மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

2024 டிசம்பர் 20 அப்படி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு

அன்றைக்கு என்ன புதுமை என்று புரிய, கொஞ்சம் பழங்கதை வேண்டும். அமெரிக்காவில் முதல்நிலைக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் 130-க்கும் மேல். ஆளுக்கு 12 மேட்ச் ஆடும் சீசனில் எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் சாம்பியன் யார் என்பதை ரொம்ப காலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். 1998-லிருந்து இரண்டு அணிகளைப் பொறுக்கி இறுதிப் போட்டி வைத்தார்கள். 2014 சீசனிலிருந்து அது நான்கானது. தேர்வுக்குழு ஒன்று அறைக்குள் உட்கார்ந்து அந்த நான்கு பெயர்களைச் சொல்லும்.

நான்கு போதவில்லை என்பதை 2023 காட்டியது. ஃபுளோரிடா ஸ்டேட் அணி ஆடிய 13 மேட்ச்சிலும் ஜெயித்து, தன் கான்ஃபரன்ஸ் கோப்பையையும் கையில் வைத்திருந்தது. ஆனால் அதன் முக்கிய வீரர் ஜோர்டன் ட்ராவிஸ் காலில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அவர் இல்லாத அணி தாங்காது என்று குழு அதை வெளியே நிறுத்தியது. ஒரு தோல்விகூட இல்லாத அணிக்கு ஆடிக்காட்டும் வாய்ப்பே கிடைக்கவில்லை. மனசு விட்ட அந்த அணி, பல வீரர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது.

அடுத்த ஆண்டே எண்ணிக்கை 12 ஆனது. அதில் ஒரு சின்ன விதி இருந்தது. 5 முதல் 8 வரை இடம்பெறும் அணிகள் முதல் சுற்றைத் தங்கள் சொந்த மைதானத்திலேயே நடத்தலாம். அதுவரை ப்ளே-ஆஃப் மேட்ச் எல்லாம் நியூ ஆர்லியன்ஸ், மயாமி, லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற பெரிய நகரங்களில்தான் நடக்கும். முதன்முறையாக ஒரு கல்லூரி வளாகத்துக்கு ப்ளே-ஆஃப் வந்தது. அந்த முதல் வளாகம் சவுத் பெண்டில்.

எதிராளியும் வெளியூர் இல்லை. அதே மாநிலத்தின் தென்பகுதியில், சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி ப்ளூமிங்டனில் இருக்கும் இண்டியானா பல்கலைக்கழகம். ஒரே மாநிலத்தில் இருந்தும் இந்த இரண்டு அணிகளும் 1991-க்குப் பிறகு மோதவே இல்லை. 33 வருஷமாக அட்டவணை போடுபவர்கள் நடத்திவைக்காத மேட்ச்சை 12 என்ற எண் நடத்திவைத்தது.

உறைநிலைக்குக் கீழே குளிர். ஸ்டேடியத்தைச் சுற்றி வழக்கம்போல கார் டிக்கிகள் திறந்தன. அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டி, போகிற வருகிறவருக்கும் ஒரு தட்டு நீட்டும் இந்தப் பழக்கத்துக்கு டெயில்கேட் என்று பெயர். மேட்ச்சை விட இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. சொந்த மைதானத்தில் மேட்ச் நடக்கும் நாளில் டிரம்பெட் வாசிக்கும் மாணவர்கள் தங்கக் கூரைக்கு அடியில் உள்ள வட்டக்கூடத்தில் நின்று முழங்குவார்கள். கல் சுவரில் மோதித் திரும்பும் அந்த ஓசை வயிற்றில் அதிரும். கொலம்பஸ் வீரர்கள் சபைக்காரர்கள் தர்மக் காரியத்துக்காக ஸ்டேக் சாண்ட்விச் விற்பதும் இந்த மைதானத்தின் பழக்கம். இந்தச் சடங்குகளை நியூ ஆர்லியன்ஸுக்குப் பெட்டி கட்டிக் கொண்டுபோக முடியாது.

மைதானத்தின் வடக்குப் பக்கம், கேலரிக்கு மேலே எட்டிப்பார்க்கிறார் இயேசு. நூலகக் கட்டடத்தின் மேல் 134 அடி உயரத்துக்கு 1964-ல் பதித்த கற்சித்திரம் அது. இரு கைகளையும் உயர்த்தியபடி இருப்பார். டச் டவுன் ஆனால் நடுவர் காட்டும் சைகையும் அதுவே. ஆகவே ஊர்க்காரர்கள் வைத்த பெயர் டச் டவுன் ஜீசஸ். பக்தியா கிண்டலா என்று கேட்டால் இரண்டும் என்பார்கள்.

முதல் கால் பகுதியில் இண்டியானா கிட்டத்தட்ட கோல் கோட்டை எட்டிவிட்டது. அங்கே எறிந்த பந்தை நோட்டர் டேமின் சேவியர் வாட்ஸ் பறித்தார். பந்து தங்கள் கோட்டிலிருந்து வெறும் 2 கஜத்தில். அடுத்த ஆட்டத்திலேயே ஜெரமையா லவ் அதை வாங்கிக்கொண்டு 98 கஜம் ஓடினார். மறுமுனை வரை ஒருவர் கையும் அவர் மேல் படவில்லை. மேட்ச் முடியும்போது 27-17. ஸ்கோரைப் பார்த்தால் நெருக்கமாகத் தெரியும். உண்மையில் கடைசி ஒன்றரை நிமிடம் வரை 27-3. இண்டியானாவின் இரண்டு டச் டவுன்களும் ஜனம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு வந்தவை.

தகுதி இல்லை என்றார்கள்

மறுநாள் மற்ற மூன்று வளாகங்களிலும் இதே கதைதான். பென் ஸ்டேட் 38-10, டெக்ஸஸ் 38-24, ஒஹையோ ஸ்டேட் 42-17. நான்கு மேட்ச்சிலும் சொந்த மைதான அணிகளே ஜெயித்தன, அதுவும் பத்துப் புள்ளிக்குக் குறையாமல். உடனே டி.வி-யில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. இந்தச் சின்ன அணிகளை எதற்கு உள்ளே விட்டீர்கள்? முக்கியமாக, இண்டியானாவை?

கேள்வியில் நியாயம் இருந்ததுபோலத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய சீசனில் 12 மேட்ச்சில் 9 தோற்ற அணி அது. பெரிய கல்லூரிகளிலேயே வரலாற்றில் அதிகத் தோல்விகளைச் சுமந்த அணி என்ற பெயரும் அப்போது இருந்தது. கர்ட் சிக்னெட்டி என்ற புதுப் பயிற்சியாளர் வந்த முதல் ஆண்டில்தான், தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு சீசனில் 10 வெற்றிகளைத் தாண்டியது.

ஆனால் அதே ப்ளே-ஆஃப் போகப் போக வேறொன்றைக் காட்டியது. இறுதிப் போட்டிக்கு வந்தவை நோட்டர் டேமும் ஒஹையோ ஸ்டேட்டும். குழுவின் பட்டியலில் அவை இருந்த இடம் 5, 6. பழையபடி நான்கே அணிகள் என்றால் இரண்டும் வீட்டில் உட்கார்ந்து டி.வி பார்த்திருக்கும். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் 34-23 என்று ஒஹையோ ஸ்டேட் கோப்பையைத் தூக்கியது. அறைக்குள் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்களின் கணிப்பு எவ்வளவு தூரம் தப்பலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இண்டியானா? அடுத்த சீசனில் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. முதல் இடத்தில் ப்ளே-ஆஃபுக்குள் நுழைந்து, ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3 என்று நசுக்கி, 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று வென்று, 16-0 கணக்கோடு சாம்பியன் ஆனது. சவுத் பெண்ட் பனியில் ஒரு இரவு அடி வாங்கியதால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நான்கு அணிக் கதவு அந்த ஆண்டும் இருந்திருந்தால், எட்டாவது இடத்தில் நின்ற இண்டியானாவுக்கு ப்ளே-ஆஃப் எப்படி இருக்கும் என்று பார்க்கவே கிடைத்திருக்காது. வாசலைத் திறந்து வைப்பதன் பலன் சில நேரம் அடுத்த ஆண்டுதான் தெரிகிறது.

நோட்டர் டேமுக்கும் இந்த வாசல் உயிர் கொடுத்தது. 2024 செப்டம்பர் 7 அன்று, இதே மைதானத்தில், யாரும் எதிர்பார்க்காத நார்தர்ன் இல்லினாய் அணியிடம் 16-14 என்று தோற்றார்கள். பெரிய அணிகளின் பட்டியலில் இல்லாத கல்லூரி அது. பழைய கணக்கில் சீசன் அன்றே முடிந்த மாதிரி. புதுக் கணக்கில், இனி ஒன்றும் தோற்கக் கூடாது என்ற கெடுவோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆடினார்கள். மிச்சம் பத்தையும் ஜெயித்தார்கள்.

ஓராண்டு கழித்து, அதே வாரம்

2025 டிசம்பரில் சவுத் பெண்டில் விளக்கு எரியவில்லை.

அந்த சீசனில் நோட்டர் டேம் முதல் இரண்டு மேட்ச்சையும் தோற்றது. மயாமியிடம் 27-24, டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. இரண்டும் சேர்த்து 4 புள்ளி வித்தியாசம். பிறகு பத்து தொடர் வெற்றிகள். வாரா வாரம் வரும் பட்டியலில் மயாமிக்கு மேலேயே இருந்தார்கள். கடைசிப் பட்டியலில் மட்டும் மயாமி 10, நோட்டர் டேம் 11 என்று புரண்டது. கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் ஐவருக்கு இடம் உறுதி என்ற விதியால், 20-வது இடத்து துலேனும் 24-வது இடத்து ஜேம்ஸ் மேடிசனும் உள்ளே போனார்கள். 11-ம் இடத்துக்கும் 12-ம் இடத்துக்கும் கதவு சாத்தியது.

கோபத்தில் நோட்டர் டேம் வேறு பவுல் மேட்ச் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அது புதிதும் இல்லை. 1925-ல் ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபோர்டை வென்றபிறகு, 1970 வரை ஒரு பவுல் மேட்ச்சும் ஆடாமல் இருந்தவர்கள்தான். அப்போது சொன்ன காரணம் படிப்பு. இப்போது சொன்ன காரணம் வேறு.

துலேன் 41-10 என்று தோற்றது. ஜேம்ஸ் மேடிசன் 51-34. நோட்டர் டேம் ரசிகர்கள் இந்த ஸ்கோர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவது மயாமியின் கணக்கை. கடைசி ஆளாக உள்ளே நுழைந்த மயாமி, டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மை அதன் மைதானத்திலேயே 10-3 என்று மடக்கி, நடப்பு சாம்பியன் ஒஹையோ ஸ்டேட்டையும் சாய்த்து, இறுதிவரை போனது. நோட்டர் டேமின் இடத்தைப் பிடித்தது யார் என்று கேட்டால் மயாமி என்றும் சொல்லலாம், துலேன் என்றும் சொல்லலாம். அதைப் பொறுத்து விவாதத்தின் நிறமே மாறிவிடுகிறது. இதற்கிடையில், 2026 முதல் முதல் 12 இடத்துக்குள் வந்தாலே நோட்டர் டேமுக்கு இடம் உறுதி என்று முன்பே ஓர் ஏற்பாடு போட்டிருந்ததும் வெளியே வந்தது. கான்ஃபரன்ஸ் எதிலும் சேராமல் தனி ஆளாக நிற்கும் பெரிய இடத்துப் பிள்ளைக்கு மட்டும் ஒரு தனி வாசல். மற்ற ஊர்களில் இது ரசிக்கப்படவில்லை.

இப்போது 16 ஆக்கலாம், 24 ஆக்கலாம் என்று பேச்சு. சவுத் பெண்ட் ஹோட்டல்காரரைக் கேட்டால் 24 போதாது என்பார். ஒளிபரப்புப் பணமும் அதே திசையில்தான் தள்ளுகிறது. 2024-ல் இறுதிவரை போனதற்காக நோட்டர் டேமுக்குக் கிடைத்தது 20 மில்லியன் டாலர். கான்ஃபரன்ஸில் இல்லாததால் பங்கு கேட்க ஆளில்லை.

16 வரை நியாயம் இருக்கிறது. 2025 பட்டியலை வைத்துப் பார்த்தாலும் 11, 12-ம் இடத்து அணிகள் தெருவில் நின்றிருக்காது. 24 என்றால் அந்த செப்டம்பர் 7 தோல்விக்கு என்ன மதிப்பு? நான்கு அணிக் காலத்தில் அது மரண தண்டனை. 12 அணிக் காலத்தில் ஆழமான காயம். 24 அணி என்றால் சிராய்ப்பு. நார்தர்ன் இல்லினாய் பையன்கள் அன்றைக்குத் துள்ளிக் குதித்ததற்குக் காரணமே, ஒரு பெரிய மாளிகையின் தூண் ஆடியது என்பதுதான். ஆடாத தூணை இடிப்பதில் யாருக்கு சுகம்?

இன்னொன்று உடம்பு. 1924-ல் நோட்டர் டேம் சாம்பியன் ஆனபோது ரோஸ் பவுலையும் சேர்த்து ஆடியது 10 மேட்ச். 2024-ல் அதே கல்லூரி ஆடியது 16. இருபது வயதுப் பையன்கள், ஒவ்வொரு வாரமும் காரில் மோதியதுபோல அடி. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க அனுமதி வந்துவிட்டது, அதனால் முன்புபோல இலவச உழைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் முழங்கால் சம்பளக் கணக்கைப் பார்த்து உடைவதில்லை. சுற்று கூட்டுகிறவர்கள் சீசனில் ஒரு மேட்ச்சைக் குறைக்கத் தயாரா என்ற கேள்விக்கு யாரும் சத்தமாகப் பதில் சொல்வதில்லை.

எண்ணை விட முக்கியம், மேட்ச் எந்த ஊரில் நடக்கிறது என்பது. 2024-ல் நோட்டர் டேம் பின்னால் போன ஒரு குடும்பத்தின் பயணத்தைப் பாருங்கள். டிசம்பர் 20 சவுத் பெண்ட். ஜனவரி 2 நியூ ஆர்லியன்ஸ். ஜனவரி 9 மயாமி பக்கம். ஜனவரி 20 அட்லாண்டா. விமானம், ஹோட்டல், டிக்கெட் என்று நான்கு முறை. நியூ ஆர்லியன்ஸ் மேட்ச் ஜனவரி 1 அன்று நடக்க வேண்டியது. அன்று அதிகாலை போர்பன் தெருவில் 14 உயிர்களைப் பறித்த தாக்குதலால் ஒருநாள் தள்ளிப்போனது. கூடுதல் ஒருநாள் தங்க வசதியில்லாத பலர் மேட்ச் பார்க்காமலே திரும்பினார்கள். அணி விரிவாக்கத்தின் நல்ல பகுதி முதல் சுற்றோடு நின்றுபோகிறது. கால் இறுதியையும் வளாகங்களுக்கே கொடுத்தால், பணக்கார ரசிகர் மட்டும் பார்க்கிற போட்டியாக இது குறுகாது. பவுல் கமிட்டிகளின் பழைய செல்வாக்கு அதற்கு விடுவதாக இல்லை.

சவுத் பெண்டைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அக்டோபர் நல்ல மாதம். மரங்கள் சிவந்திருக்கும், குளிர் கடிக்காது. மேட்ச் முடிந்ததும் உடனே எழுந்து ஓட வேண்டாம். ஜெயித்தாலும் தோற்றாலும் வீரர்கள் மாணவர்கள் பக்கம் வந்து நிற்க, எல்லோரும் தோளில் கைபோட்டுக்கொண்டு கல்லூரிப் பாட்டைப் பாடுவார்கள். அதன்பிறகு கெபிக்கு நடந்து போனால், யாராவது ஒருவர் அணைந்த மெழுகுவத்தியை மாற்றிக்கொண்டிருப்பார். சிகாகோ திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்துவிடும். செல்போன் தானாக மாற்றிக்கொள்ளும், கைக்கடிகாரத்தை மட்டும் நீங்கள்தான் திருப்ப வேண்டும்.